ரிஜெக்‌ஷனா, ஃபெயிலியரா? கருவிழி மாற்று சார்ட்டுகளைக் கோட் செய்யும் தம்பிக்கு

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மெடிக்கல் கோடிங்கில், அதாவது டாக்டர் எழுதியதை இன்சூரன்ஸுக்கான கோட் எண்களாக மாற்றும் வேலையில், சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டிலிருந்தே வேலை, அமெரிக்கக் கண் மருத்துவர்களின் சார்ட்டுகள். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்:

"அக்கா, போன வார ஆடிட்டில் கருவிழி மாற்று சார்ட் மூன்றில் எரர். ஒன்று: டி.எஸ்.ஏ.ஈ.கே. (கருவிழியின் உள்பக்க அடுக்கை மட்டும் மாற்றும் ஆபரேஷன்) முடிந்த ஆறாம் நாள் கிராஃப்ட், அதாவது வைத்த தானத் திசு, ஓரம் விலகியிருந்தது, மறுபடி காற்றுக் குமிழ் வைத்தார்கள். நான் சிகிச்சைக்கு 66020 கோடும் அதன் வால் எண்ணாக 78 மாடிஃபையரும் போட்டு, டயக்னோசிஸாக கிராஃப்ட் ஃபெயிலியர் கொடுத்தேன். இரண்டையும் அடித்துவிட்டார்கள். இரண்டு: 'பாசிபிள் ரிஜெக்‌ஷன்' என்று எழுதிய விசிட்டுக்கு டி86.8402 (டி என்பது ஆங்கில T) போட்டு, கூடவே இசட்94.7-ம் போட்டேன். அதுவும் தப்பாம். மூன்று: 65755 போட்ட சர்ஜரியை 65730 என்று மாற்றிவிட்டார்கள். நாலாவதாக ஒரு சார்ட்டை ஹோல்டில் வைத்திருக்கிறேன், அதைத் தொடவே பயமாக இருக்கிறது. ரிஜெக்‌ஷன், ஃபெயிலியர் இரண்டும் ஒன்றுதானே? எல்லாமே கிராஃப்ட் கெட்டுப்போனதுதானே?"

ஒன்றல்ல தம்பி. முதல் சார்ட்டில் டயக்னோசிஸ் தப்பானது அந்தக் குழப்பத்தால்தான். முதல் இரண்டு எரரிலும் ஆடிட்டர் பக்கம்தான் நியாயம். மூன்றாவதில் நீங்கள் போட்டதே சரி, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். நாலாவதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் கோத்தகிரி. கோடிங்கில் பதினாலு வருடம், அதில் பாதிக்கு மேல் கண் மருத்துவம். ஆனால் ரிஜெக்‌ஷனுக்கும் ஃபெயிலியருக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த டிரெயினிங்கும் இல்லை. என் அம்மாவின் கண் ஃபைல்.

அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஒரு கவாத்து சீசனில், வெட்டிப்போட்ட மிலாறை அடுப்புக்கென்று பொறுக்கிக் கட்டும்போது ஒரு குச்சி வலது கண்ணில் குத்திவிட்டது. லயின் வீட்டில் அன்றைக்குத் தெரிந்த வைத்தியம் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். நாலைந்து நாளில் கருவிழியின் நடுவில் அரிசிக்குருணை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. செடி கொடி குத்திய கண்ணில் இப்படிப் புண் வந்தால் நம் பக்கத்து டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது பூஞ்சையைத்தான். ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்று அதன் பெயர்களை நான் முதலில் கேட்டதே அம்மாவின் பெட் பக்கத்தில் நின்றுகொண்டுதான். நாட்டமைசின் சொட்டு மருந்தில் புண் ஆறியது. தழும்பு அப்படியே நடுவில் நின்றுவிட்டது. இரண்டு வருடம் கழித்து கோயம்புத்தூரில் முழுத்தடிமன் மாற்று, அதாவது பெனிட்ரேட்டிங் கெரட்டோபிளாஸ்டி. பதினாறு தையல், ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய நைலான்.

அதற்குப் பிறகு அந்த ஃபைலில் நாலு பக்கங்கள் முக்கியம். நம் ஊர் மருத்துவமனையில் நோய்களுக்குக் கோட் தரும் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 தான் புழக்கம், நீங்களும் நானும் வேலையில் பார்க்கிற அமெரிக்க ஐ.சி.டி.-10-சி.எம். அல்ல. இருந்தாலும் தொழில் புத்தி விடுமா? அந்த நாலு பக்கத்துக்கும் மனசுக்குள் கோட் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதல் பக்கம், ஆறாம் மாத செக்கப். "கிராஃப்ட் தெளிவு, தையல் உறுதி." அவ்வளவுதான். இதற்கு இசட்94.7, கருவிழி மாற்று செய்யப்பட்டவர் என்ற நிலை. சிக்கல் எதுவும் இல்லை என்பதும் அந்தக் கோடிலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டாவது பக்கம் அடுத்த வருட நவம்பர். கண் சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூசுகிறது, பார்வை மங்கல். இந்த மூன்றோடு வலியையும் சேர்த்து, நாலில் எது வந்தாலும் உடனே வரவேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்றே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்த வாரம் மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் இறங்க முடிந்தது. காலையில் பார்த்த டியூட்டி டாக்டர் எழுதியது: "ரூல் அவுட் ரிஜெக்‌ஷன்."

மூன்றாவது பக்கம் அன்று மதியமே. கார்னியா ஸ்பெஷலிஸ்ட் ஸ்லிட் லேம்பில், அதாவது கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில், பார்த்துவிட்டு எழுதினார்: "எண்டோதீலியல் கிராஃப்ட் ரிஜெக்‌ஷன், வலது கண்." மணிக்கு ஒரு தரம் ஸ்டீராய்டு சொட்டு.

நாலாவது பக்கம் மூன்று மாதம் கழித்து. "கிராஃப்ட் ஃபெயிலியர். வீக்கம் மீளாது. மறுமாற்று பரிசீலிக்கவும்."

ஒரே கண், ஒரே கிராஃப்ட், நாலு பக்கத்துக்கும் வேறு வேறு கோட். ரிஜெக்‌ஷன் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்நியத் திசுவோடு மோதுவது. அது நடந்துகொண்டிருக்கும் ஒன்று, சீக்கிரம் பிடித்தால் சொட்டு மருந்திலேயே திரும்பிவிடும். ரிஜெக்‌ஷன் வந்து போய், பல வருடம் தெளிவாக இருக்கும் கிராஃப்ட்டுகள் நிறைய உண்டு. ஃபெயிலியர் என்பது கிராஃப்ட் தன் வேலையை நிறுத்திவிட்ட நிலை. கருவிழியின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காக எண்டோதீலியல் செல்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500. உள்ளே ஊறும் நீரை இறைத்து வெளியேற்றுவது அவற்றின் வேலை. செத்தால் மறுபடி முளைக்காது. எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனால் கருவிழி நீர் கோத்து வெளுத்துவிடும். அம்மாவுக்கு அதற்கு ரிஜெக்‌ஷன் காரணம். ஆனால் ரிஜெக்‌ஷனே இல்லாமலும் ஃபெயிலியர் வரும். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே தெளியாத கிராஃப்ட் உண்டு, அது பிரைமரி ஃபெயிலியர். பத்து வருடம் நன்றாக இருந்துவிட்டு, செல்கள் மெல்லக் குறைந்து ஓய்ந்துபோவதும் உண்டு. ஆகவே ஒரு சொல்லைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க வழியே இல்லை.

கோட் புத்தகமும் இதே பிரிவைத்தான் வைத்திருக்கிறது. டி86.840 ரிஜெக்‌ஷன், டி86.841 ஃபெயிலியர், டி86.842 தொற்று, டி86.848 பிற சிக்கல், டி86.849 குறிப்பிடாதது. ஏழாவது இடத்தில் 1 வலது, 2 இடது, 3 இரண்டும், 9 எந்தக் கண் என்று தெரியாதது. இந்த ஏழாவது எழுத்து 2020 அக்டோபர் 1-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய தேதி சார்ட் ஏதாவது அப்பீலுக்குத் திரும்பி வந்தால், சிகிச்சை நடந்த தேதியில் எது புழக்கத்தில் இருந்ததோ அதைத்தான் போடவேண்டும். இன்றைய கோடை அங்கே கொண்டுபோனால் கிளெய்ம் திரும்பிவிடும்.

அம்மாவின் மூன்றாவது பக்கம் டி86.8401. நாலாவது டி86.8411. டி86 வகைக்கு இரண்டு கோட் விதி ஒன்று இருக்கிறது: மாற்றுச் சிக்கலுக்கான கோட் ஒன்று, அந்தச் சிக்கல் எது என்று சொல்லும் கோட் இன்னொன்று. அம்மாவுக்குப் போல நீர் கோத்த கருவிழியை டாக்டர் பெயர் சொல்லி எழுதியிருந்தால் அதற்கான ஹெச்18 கோட் இரண்டாவதாக வரும். தொற்று என்றால் டி86.842-ஐ மட்டும் போட்டு நிறுத்தக்கூடாது. கருவிழிப் புண்ணுக்கு ஹெச்16.0 குடும்பத்தில் ஒன்று, கிருமி தெரிந்தால் அதற்கும் ஒன்று.

இன்னொரு விதியையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாற்று செய்த கண்ணில் வருகிற எல்லாமே மாற்றுச் சிக்கல் ஆகிவிடாது. கிராஃப்ட்டின் வேலையை அது பாதித்தால்தான் டி86. அம்மாவுக்கு ஸ்டீராய்டு சொட்டினால் கண் அழுத்தம் ஏறியது. அது மருந்தின் பின்விளைவு, கிராஃப்ட்டின் சிக்கல் அல்ல. மருந்தால் வந்த கிளாக்கோமா என்று டாக்டர் எழுதினால் ஹெச்40.6 குடும்பம், கூடவே ஸ்டீராய்டின் பாதகவிளைவுக்கு டி38.0எக்ஸ்5. இதை டி86.848-ல் கொண்டுபோய்ச் சேர்த்த சார்ட்டுகளை மாதத்துக்கு ரெண்டாவது பார்க்கிறேன்.

சரி, உங்கள் இரண்டாவது சார்ட்டுக்கு வருவோம். அது அம்மாவின் இரண்டாவது பக்கம்தான். டாக்டர் எழுதியது "பாசிபிள் ஏர்லி ரிஜெக்‌ஷன் வெர்சஸ் டிரை ஐ". அவுட்பேஷன்ட் விசிட்டில் பாசிபிள், ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட் இவற்றில் எது முன்னால் நின்றாலும் அந்த நோயைக் கோட் செய்யக்கூடாது. நோயாளி எதற்காக வந்தாரோ அந்த அறிகுறியைத்தான் எடுக்கவேண்டும். இடது கண் வலி என்றால் ஹெச்57.12, சிவப்புக்கு ஹெச்57.89, இப்படி. அதோடு இசட்94.7. அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகும் இன்பேஷன்ட் ஃபைலில் இந்த விதி தலைகீழ். அங்கே கடைசிவரை "ப்ராபபிள்" என்று நின்றாலும் இருப்பதாகவே கோட் செய்யலாம். நீங்கள் முன்பு ஹாஸ்பிடல் சார்ட் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அந்தப் பழக்கம்தான் கையில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இசட்94.7-ஐ டி86.8402-ன் பக்கத்தில் வைத்தது தனி எரர். ஒரு கண்ணுக்கு டி86.84 வந்துவிட்டால் அந்தக் கோடே இவருக்கு மாற்று நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. இசட்94-ன் கீழ் விலக்குக் குறிப்பும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், டி86.8402-ஐ எடுத்துவிட்டால் நீங்கள் போட்ட இசட்94.7 சரியாகிவிடும். பாதிச் சரி என்று ஆடிட் ஷீட்டில் ஒரு கட்டம் கிடையாது, அதனால் மொத்தமாக அடித்திருக்கிறார்கள்.

முதல் சார்ட் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டியது.

டி.எஸ்.ஏ.ஈ.கே., டி.எம்.ஈ.கே. இரண்டிலும் கருவிழி முழுவதையும் மாற்றுவதில்லை. உள்பக்க அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு, தானம் வந்த மெல்லிய தகட்டை உள்ளே நுழைத்து விரிக்கிறார்கள். பசை கிடையாது. தகட்டின் கீழே ஒரு காற்றுக் குமிழை நிரப்பி, நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, அந்தக் குமிழ் மேலே எழும் அழுத்தத்திலேயே தகட்டை ஒட்டவைக்கிறார்கள். சில சமயம் ஓரம் விலகும். அப்போது மறுபடி காற்று. கிராஃப்ட் செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, இடம் விட்டு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குமிழ் வைத்த மறுநாள் ஒட்டி, ஒரு மாதத்தில் பளிச்சென்று தெளிகிற கிராஃப்ட்டுக்கு நீங்கள் ஃபெயிலியர் என்று எழுதிவிட்டால், அந்த நோயாளியின் ரெக்கார்டில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். உங்கள் டாக்டர் எழுதியது "பார்ஷியல் டிடாச்மென்ட்". அந்தச் சொல்லோடு இன்டெக்ஸில் தேடிப் போனால் எந்த வழியும் உங்களை டி86.841-க்குக் கொண்டுபோகாது.

இந்தக் குமிழ் விஷயத்தில் நம் மலைக்காரர்களுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது, கோடிங்குக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் இருக்கும் என் மாமாவுக்கு ஃபக்ஸ் டிஸ்ட்ரோஃபி, எண்டோதீலியல் செல்கள் மெல்ல அழியும் நோய். கோவையில் இதே ஆபரேஷன். மூன்றாம் நாள் காரில் ஊருக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார். கோவை கடல்மட்டத்துக்கு மேல் 411 மீட்டர், ஊட்டி 2,240. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், அடைபட்ட காற்று விரியும். பள்ளியில் படித்த பாயில் விதிதான். கணக்குப் போட்டால் அந்தக் குமிழ் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பெரிதாகும். கண்ணுக்குள் அது கண் பாப்பாவை அடைத்து அழுத்தத்தை ஏற்றிவிடலாம். வெறும் காற்று என்றால் சில நாளில் கரைந்துவிடும், எஸ்.எஃப்.6 வாயு கலந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். மாமாவின் டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது "ஏ.சி. ஏர் பிளஸ்" என்ற மூன்று சொல்தான், அதாவது கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையில் காற்று இருக்கிறது. எவ்வளவு காற்று, எந்த வாயு, எப்போது மலை ஏறலாம், ஒன்றுமே இல்லை. நல்லவேளையாக கேஷ் கவுன்டரில் இருந்த பெண் விலாசத்தில் ஊட்டி என்று பார்த்துவிட்டு, "டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க ஐயா" என்றிருக்கிறார். அத்தையின் அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டுத்தான் ஏறினார்.

உங்கள் சார்ட்டுக்குத் திரும்புகிறேன். 66020 முன்னறைக்குள் காற்றோ திரவமோ செலுத்துவது, கோட் பொருத்தம்தான். சிக்கல் இடத்தில். கெரட்டோபிளாஸ்டிக்கு 90 நாள் குளோபல் பீரியட். ஆபரேஷனுக்கு முதல் நாள், ஆபரேஷன் நாள், அதன்பின் தொண்ணூறு, ஆக மொத்தம் 92 நாள். அமெரிக்க அரசு இன்சூரன்ஸான மெடிகேர் கணக்கில் இந்த நாட்களுக்குள் அதே டாக்டர் பார்க்கும் சிக்கல் வைத்தியம் எல்லாம் முதல் ஆபரேஷனுக்குக் கொடுத்த காசிலேயே அடக்கம். ஒரே விலக்கு, சிக்கலுக்காக நோயாளியை மறுபடி ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோவது. அதற்குத்தான் 78. ஆபரேஷன் அறை எது என்பதற்கும் வரையறை இருக்கிறது: அந்த வேலைக்கென்றே கருவியும் ஆளும் வைத்த இடம். லேசர் அறை சேரும். மைனர் ட்ரீட்மென்ட் ரூம் சேராது. உங்கள் ஆப் நோட்டில் (ஆபரேஷன் குறிப்பில்) "கிளினிக் பக்கத்து மைனர் ப்ரொசீஜர் ரூம், ஸ்லிட் லேம்ப்" என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியோடு கதை முடிந்தது. அதே வேலையை சர்ஜரி சென்டரின் தியேட்டரில் செய்திருந்தால் 66020-78 நின்றிருக்கும், புதிய குளோபல் தொடங்காது, அறுவைக்கான பங்கு மட்டும் கிடைத்திருக்கும். இது மெடிகேர் கணக்கு. தனியார் இன்சூரன்ஸ் சிலது வேறு மாதிரி நடந்துகொள்ளும், அந்தக் கம்பெனியின் விதிகள் உள்ள பேயர் ஷீட்டைப் பாருங்கள்.

அப்புறம், அந்த நோயாளியின் முதல் ஆபரேஷன் கிளெய்மையும் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். டி.எஸ்.ஏ.ஈ.கே.-யும் டி.எம்.ஈ.கே.-யும் 65756. கூடவே 65757 போட்டிருக்கிறார்களா? தானக் கருவிழியைச் சர்ஜன் தானே மேசையில் வைத்துச் சீவித் தயார் செய்தால்தான் அது வரும். ஐ பேங்கிலிருந்து ஏற்கனவே சீவி வந்த திசு என்றால் சர்ஜனுக்கு அந்தக் கோட் இல்லை. "ப்ரீ-கட்" என்ற சொல் ஆப் நோட்டில் இல்லாமல் ஐ பேங்க் இன்வாய்ஸில் மட்டும் இருக்கும், அதனால் இன்வாய்ஸையும் திறந்து பார்க்கவேண்டும். திசுவைப் பதப்படுத்தி அனுப்பிய செலவுக்கான வி2785-ம் அந்த இன்வாய்ஸை நம்பித்தான் நிற்கிறது.

மூன்றாவது சார்ட். பெனிட்ரேட்டிங் கெரட்டோபிளாஸ்டிக்கு (சுருக்கமாக பி.கே. அல்லது பி.கே.பி.) மூன்று கோட். கண்ணில் சொந்த லென்ஸ் இருந்தால் 65730. லென்ஸே இல்லை என்றால் 65750. செயற்கை லென்ஸ் இருந்தால் 65755. தலைப்பில் "பி.கே.பி., இடது கண்" என்று மட்டும் இருந்ததால் ஆடிட்டர் 65730-க்கு இறக்கிவிட்டார். ஆனால் நீங்கள் அனுப்பிய வரிகளில், உடல் பகுதியில் "பின்னறை செயற்கை லென்ஸ் அதன் இடத்தில் உறுதியாக உள்ளது" என்று சர்ஜனே எழுதியிருக்கிறார். ஆப் நோட்டின் தலைப்பு ஒரு பெயர்ப்பலகை. கோட் எடுக்கவேண்டியது உடலிலிருந்து. தலைப்புக்கும் உடலுக்கும் சண்டை வந்தால்தான் டாக்டரைக் கேட்கவேண்டும். இங்கே சண்டையே இல்லை, தலைப்பு சும்மா இருக்கிறது, உடல் பேசுகிறது. 65755 சரி. அந்த வரியை அப்படியே வெட்டி ஒட்டி ரிபட்டல், அதாவது மறுப்பு, போடுங்கள். முதல் இரண்டையும் சேர்த்து வாதாடாதீர்கள். மூன்றுக்கும் சண்டை போடுகிறவர் எழுதுவதை ஆடிட்டர் அரை மனசோடுதான் படிப்பார், நானே அப்படித்தான்.

எந்தக் கண் என்பதைப் பற்றி ஒன்று. உங்கள் சார்ட்டுகளில் ஓ.டி. என்றால் வலது, ஓ.எஸ். என்றால் இடது, ஓ.யூ. இரண்டும். லத்தீன் சுருக்கம். நம் ஊர் மருந்துச் சீட்டில் அதே ஓ.டி. "தினம் ஒரு வேளை". அம்மாவுக்கு மணிக்கு ஒரு தரம் என்று கொடுத்த சொட்டை, ஊர் மருந்துக்கடைத் தம்பி சீட்டில் ஓ.டி. என்று பார்த்துவிட்டு "ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்மா" என்று சொல்லி அனுப்பினார். வலது கண் என்று எழுதியதை அவர் அப்படிப் படித்துவிட்டார். ராத்திரி நான் போனில் கேட்டபோதுதான் தெரிந்தது. இடையில் போன அந்த ஒன்பது மணி நேரம்தான் கிராஃப்ட்டைக் கெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன், மண்சரிவில் போன இரண்டு நாளும் இருக்கிறதே. ஆனால் அன்றிலிருந்து ஓ.டி. என்ற இரண்டு எழுத்தை நான் இரண்டு முறை படிக்கிறேன்.

பக்கம் தவறாமல் எழுதும் இந்தப் பழக்கத்துக்கு இந்தத் துறையில் வயது அதிகம். உலகில் முதல் முதலாக வெற்றி பெற்ற முழுத்தடிமன் கருவிழி மாற்றை எடுவர்ட் சிர்ம் என்ற டாக்டர் 1905 டிசம்பர் 7-ல் மொராவியாவின் ஓலோமவுட்ஸ் ஊரில் செய்தார். சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் போன ஒரு கூலித் தொழிலாளிக்கு இரண்டு கண்ணிலும் வைத்தார். ஒன்று கெட்டுப்போனது, மற்றது தெளிவாக நின்றது. "கருவிழி மாற்று, பலன் சுமார்" என்று மொத்தமாக எழுதி வைத்திருந்தால் அது வெற்றி என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது ஹோல்டில் இருக்கும் நாலாவது. பி.கே. முடிந்து எட்டு மாதம், வலது கண். "கிராஃப்ட் வீக்கம், எண்டோதீலியத்தில் கோடாடவுஸ்ட் லைன், முன்னறையில் செல்கள். ப்ரெட்னிசலோன் மணிக்கு ஒரு தரம். ஒரு வாரத்தில் வரவும்." அசெஸ்மென்ட்டில் "கிராஃப்ட் எடிமா" மட்டும். உங்களுக்குக் கை போகாதது நியாயம்தான். கோடாடவுஸ்ட் லைன் என்பது எதிர்ப்பு அணுக்கள் கிராஃப்ட்டின் உள்பக்கத்தில் வரிசையாக முன்னேறும்போது தெரியும் கோடு, ஈரானிய டாக்டர் ஒருவரின் பெயரால் வந்தது. படித்தவர் யார் பார்த்தாலும் ரிஜெக்‌ஷன் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து நாம் கோட் போட முடியாது. சிக்கலுக்கும் சிகிச்சைக்கும் உள்ள தொடர்பை டாக்டர் தன் கையால் எழுதவேண்டும் என்பது விதி. டெஸ்ட் ரிசல்ட்டையும் மருந்தையும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்க நமக்கு அனுமதி இல்லை. வீக்கம், அணுக்கள், மருந்து மூன்றும் எவ்வளவுதான் கத்தினாலும் சரி.

ஆகவே க்வெரி, அதாவது டாக்டருக்கே ஒரு கேள்வி அனுப்புவது. அதிலும் "ரிஜெக்‌ஷன் என்று எடுத்துக்கொள்ளலாமா டாக்டர்?" என்று கேட்டால் அது பதிலை வாயில் ஊட்டும் க்வெரி, கம்ப்ளையன்ஸில் மாட்டும். சார்ட்டில் இருப்பதை எடுத்துவைத்துவிட்டு, தேர்வைத் திறந்து விடவேண்டும். உங்கள் டெம்ப்ளேட்டில் கருத்து இப்படி இருக்கட்டும், ஆங்கிலத்தில் நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்:

"இந்தத் தேதி விசிட்டில் வலது கண் கிராஃப்ட் வீக்கம், கோடாடவுஸ்ட் லைன், முன்னறையில் செல்கள் பதிவாகியுள்ளன, ப்ரெட்னிசலோன் மணிக்கு ஒரு முறை தொடங்கப்பட்டுள்ளது. தங்கள் மருத்துவக் கணிப்பின்படி இவற்றுக்கான டயக்னோசிஸைக் குறிப்பிடவும்: கிராஃப்ட் ரிஜெக்‌ஷன், கிராஃப்ட் ஃபெயிலியர், கிராஃப்ட் தொற்று, மாற்றோடு தொடர்பில்லாத வீக்கம், வேறு (எழுதவும்), தற்போது தீர்மானிக்க இயலவில்லை."

பணத்தைப் பற்றியோ கோட் எண்ணைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை வரக்கூடாது. "ரிஜெக்‌ஷன்" என்று பதில் வந்தால் டி86.8401, கூடவே வீக்கத்துக்கான கோட். "தீர்மானிக்க இயலவில்லை" என்று வந்தால் வீக்கமும் இசட்94.7-ம். பதில் வரும்வரை சார்ட் ஹோல்டிலேயே இருக்கட்டும். புரொடக்‌ஷன் எண்ணிக்கை குறைகிறது என்று வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு அதை எடுத்து முடித்துவிடாதீர்கள். டீம் லீடர் கேட்டால் க்வெரி போன தேதியைக் காட்டுங்கள்.